செக்கு எண்ணெய்க் கடைக்கு விளம்பரம்: நோட்டீஸ், மஞ்சப்பை, வாட்ஸ்அப்

கோபியிலிருந்து, மரச்செக்கு எண்ணெய்:

கோபிசெட்டிபாளையத்தில் நாலு வருசமாக மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கிறேன். சின்னக் கடைக்கு விளம்பரம் எப்படிச் செய்வது என்று நிறையப் பேர் கேட்பதால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை திறந்த மாதம் 4,000 நோட்டீஸ் அடித்து, காலைப் பேப்பருக்குள் வைத்துப் போடச் சொன்னேன். ஒரு வாரம் நல்ல கூட்டம். பாதிப் பேர் விலையைக் கேட்டதும் திரும்பிவிட்டார்கள், அடுத்த வாரம் கடை பழையபடி ஆகிவிட்டது. அப்புறம் அக்கா பையன் சொன்னான் என்று இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டோம். வாகை மரச் செக்கில் எள் அரைபட்டுக்கொண்டிருக்கும்போது கருப்பட்டியைத் தட்டிப் போட்டதும் மாவு இறுகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து கசிய ஆரம்பிக்கும், அதைப் பார்க்க யாருக்கும் பிடிக்கும். பெங்களூரு, துபாய், மலேசியா என்று கமெண்ட் வந்தது. இரண்டு தெரு தள்ளி இருப்பவர் ஒருவர்கூட அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வரவில்லை.

பில் போடும்போது வாங்கி வைத்த நம்பர்கள் இருநூற்றுச் சொச்சம் இருந்தன. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று உண்டு, ஒரே மெசேஜை எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்பிவிடும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், எல்லோரையும் சேர்த்து "புது எள் ஆட்டியிருக்கிறோம்" என்று அனுப்பினேன். மறுநாள் வழக்கமாக வரும் டீச்சரம்மா வந்தார்கள். "மெசேஜ் பார்த்தீங்களாங்கம்மா?" என்றேன். "ஒண்ணும் வரலையே தம்பி" என்று போனையே என் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் விசயம் தெரிந்தது. பிராட்காஸ்ட்டில் அனுப்புவது, நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். அவர்கள் நம்பர் என்னிடம் இருந்தது, என் நம்பர் அவர்கள் யாரிடமும் இல்லை!

என்னைப் பொறுத்தவரை போனில் செய்கிற விளம்பரம் கல்லாப்பெட்டிக்கு முன்னால்தான் தொடங்குகிறது. எண்ணெயை ஊற்றி மூடி போடுகிற அந்த ஒரு நிமிடத்தில் அவர் நம்பரை சேமித்தால் உண்டு, இல்லையென்றால் நான் எத்தனை மெசேஜ் அனுப்பினாலும் வீண்தான்.

முதலில் க்யூஆர் ஸ்டிக்கரை பாட்டிலில் ஒட்டினேன். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு, பத்தே நாளில் மை கலைந்து ஸ்டிக்கர் சுருண்டுகொண்டது. அப்புறம் மஞ்சப்பையில் அச்சடித்தேன். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 கடைசியில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று தொடங்கியது, அதனால் துணிப்பை கொண்டுபோக இப்போது யாரும் கூச்சப்படுவதில்லை. ஒரு பக்கம் கடைப்பெயரும் போன் நம்பரும் பெரிய எழுத்தில், இன்னொரு பக்கம் க்யூஆர். ஸ்கேன் செய்தால் நேராக எங்கள் வாட்ஸ்அப் திறக்கும். இரண்டு லிட்டருக்கு மேல் வாங்குபவருக்கு பை இலவசம். அந்தப் பை அப்புறம் உழவர் சந்தைக்குப் போகும், கல்யாண வீட்டுக்கும் போகும், நான் நோட்டீஸ் போட்டு எட்ட முடியாத வீடெல்லாம் அது போய்விட்டு வரும்.

மெசேஜ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். மறுநாள் சனி, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடுகள் இங்கே இன்னும் நிறைய இருக்கின்றன. தினமும் அனுப்பினால் நம்மை பிளாக் செய்துவிடுவார்கள், இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பால் சொசைட்டியில் ஒட்டிய நோட்டீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் எண்ணெய் என்று ஒரு வார்த்தை கிடையாது, "கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு கிடைக்கும்" என்று மட்டும் போட்டேன். மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வந்தவர்கள் செக்கு ஓடுவதைக் கண்ணால் பார்த்தார்கள், வாசனை பிடித்தார்கள், அடுத்த முறை வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு எங்கள் நிரந்தர வாடிக்கையாளர்களில் பாதி அப்படி வந்தவர்கள்தான்.

அந்த வீடியோக்களும் வீண் போகவில்லை. "பாக்கெட் எண்ணெயை விட ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்பவரிடம் இப்போது நான் வாதம் செய்வதில்லை. ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ வரை பருப்பு போகிறது, பருப்பை நிறுப்பது முதல் எண்ணெய் அளப்பது வரை ஒரே வீடியோவாக எடுத்து போனில் வைத்திருக்கிறேன், அதைக் காட்டிவிடுவேன். பார்த்துவிட்டு அரை லிட்டராவது வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

மதுரையிலிருந்து, ப்ளவுஸ் தையல்:

அண்ணா, நம்பர் விசயம் நூற்றுக்கு நூறு உண்மை. என் பங்குக்கு கூகுள் மேப் பற்றிச் சொல்கிறேன். பதிவு செய்ய காசு கிடையாது, ஆனால் என் கடைக்கான குறி பின் தெருவில் போய் விழுந்திருந்தது. மகளிர் விடுதி வாசலில் நோட்டீஸ் கொடுப்பேன், பிள்ளைகள் மேப்பைப் பார்த்துக்கொண்டே பின் தெருவில் சுற்றிவிட்டு அப்படியே போய்விடுவார்கள். எத்தனை பேரை இப்படி இழந்தேனோ, நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. குறியைச் சரியான இடத்துக்கு மாற்றி, கடை வாசல் போட்டோவோடு பக்கத்து டீக்கடையும் தெரிகிற மாதிரி ஒன்று போட்டதும் "எங்கக்கா இருக்கு கடை?" என்கிற போன் குறைந்துவிட்டது.

இன்னொன்று. ஒரு ஐப்பசியில் தீபாவளி நெருக்கடியில் ஒரு ப்ளவுஸ் இரண்டு நாள் தாமதமானது. அந்த அக்கா ஒரு ஸ்டார் கொடுத்து எழுதிவிட்டார்கள். அழுகையே வந்தது. ஆனால் "தப்பு என்மேல்தான்க்கா, அடுத்த ப்ளவுஸுக்கு கூலி வேண்டாம்" என்று அதன் கீழேயே பதில் போட்டேன், அவர்களும் வந்து தைத்துக்கொண்டார்கள். பிறகு ஆரி வேலைக்கு வந்த ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா, அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுக்க நினைத்ததாகச் சொன்னார்கள்.

சென்னையிலிருந்து, இட்லி மாவு:

நான் நாலு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாவு கொடுக்கிறேன். அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வெளியாள் நாம் போய் விளம்பரம் போட முடியாது, போட்டாலும் யாரும் மதிக்க மாட்டார்கள். அங்கே குடியிருப்பவர் ஒருவர் "மாவு நன்றாக இருக்கிறது" என்று எழுதினால்தான் ஆர்டர் வரும். அதற்காக ஞாயிறு காலை கேட் பக்கத்தில் மேசை போட்டு, சுடச்சுட இட்லி ஊற்றிக் கொடுத்தோம். அசோசியேசனிடம் அனுமதி வாங்கித்தான். மதியத்துக்குள் குரூப்பில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

கெட்ட பேரும் அதே வேகத்தில்தான் போகும். ஒரு சித்திரை வெயிலில் ஒரு நாள் மாவு புளித்துவிட்டது, காலை எட்டு மணிக்கு ஒருவர் எழுதினார், ஒன்பதுக்குள் பதினோரு வீட்டுக்காரர்கள் எழுதிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பதினோரு வீட்டுக்கும் நானே நேரில் போய்ப் புது பாக்கெட் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். போனில் மட்டும் மன்னிப்புக் கேட்டிருந்தால் அத்தனை வீடும் கையை விட்டுப் போயிருக்கும்.

செக்குக்கார அண்ணே, நம்பரை சேமிக்கச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்களே, நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்?

கோபியிலிருந்து, மரச்செக்கு எண்ணெய்:

நம்பரைக் கொடுங்கள் என்று நான் இப்போது கேட்பதே இல்லைங்க. "என்னைக்கு ஆட்டுவோம்னு முன்னாடியே தெரியாது, இந்த நம்பரைப் போட்டு வெச்சுக்கிட்டா ஆட்டுற அன்னைக்குச் சொல்லிடறேன்" என்பேன். புது எண்ணெய் வேண்டும் என்கிறவர் அவராகவே போனை எடுப்பார். எடுக்காதவரை விட்டுவிடுவேன். நம்பரை எந்தப் பெயரில் போட்டுக்கொள்கிறார்கள் என்றும் பார்ப்பேன், "செக்கு எண்ணெய்" என்று போட்டால்தான் பிறகு தேடும்போது கிடைக்கும்.

பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர்களுக்கு தினசரிக் காலண்டர் கொடுக்கிறேன். நம்பர் அட்டையில் இருக்கும், பேரன் பேத்தி வந்தால் ஸ்கேன் செய்ய கீழே க்யூஆரும் இருக்கும். காலண்டர் போட நினைப்பவர்கள் மார்கழி வரை காத்திருக்காதீர்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருச காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வந்துவிடும், அப்போதே சொல்லிவிட்டால் அச்சடிக்கும் முன் ஒரு மாதிரி அட்டை வாங்கி க்யூஆர் ஸ்கேன் ஆகிறதா என்று பார்த்துவிட நேரம் இருக்கும். போன வருசம் நான் கடைசி நேரத்தில் கொடுத்து, 300 காலண்டரிலும் க்யூஆர் மங்கலாக வந்து, ஒவ்வொன்றிலும் கையால் ஸ்டிக்கர் ஒட்டினேன்.