கலைச்சொல் தேவை: ரத்தம் ஏற்றிச் சேர்ந்த இரும்பை எடுக்கும் மருந்து

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். மே 8 உலகத் தாலசீமியா நாள்; அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிவரும் பரம்பரை ரத்த நோய் அது. அதற்குள் பெற்றோருக்கான துண்டறிக்கை அச்சுக்குப் போகணும். 'கீலேட்டர்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு பை ரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு உள்ளே போகிறது. உடம்பு கழிப்பதோ நாளுக்கு 1, 2 மில்லிகிராம்தான். மிச்சம் ஈரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படிகிறது. அதைப் பிடித்து வெளியே தள்ளும் மருந்துக்கு, ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் புரிகிற பெயர் ஒன்று வேண்டும்.

தக்கலை, தமிழாசிரியர்:
கிரேக்கத்தில் 'கீலே' என்றால் நண்டின் கொடுக்கு. நமக்கென்ன கொடுக்குப் பஞ்சமா? 'கொடுக்கிணைப்பி'. "நண்டும் தும்பியும் நான்கறி வினவே" என்று தொல்காப்பியர் அதற்கு நான்கு அறிவு கொடுத்திருக்கிறார்.

குளச்சல்காரர்:
அண்ணாச்சி, எங்க கடற்கரையில அது ஞண்டு.

தக்கலை, தமிழாசிரியர்:
தொல்காப்பியப்படி ஞகரம் ஆ, எ, ஒ மூன்றோடுதான் சொல்லுக்கு முதலாகும். ஞெண்டு சரி. ஞண்டு ஆகாது.

குளச்சல்காரர்:
நன்னூலார் அகரத்தையும் சேர்த்துவிட்டாரே! பவணந்தியார் எங்க ஊர் ஞண்டுக் கறி ருசி பார்த்திருப்பாரோ என்னவோ.

மார்த்தாண்டம், மருந்தாளுநர்:
ஞண்டை விடுங்கோ. கொடுக்குன்னா ஜனங்களுக்குத் தேள் ஞாபகம்தான் வரும். இந்த வகை ஊசி மருந்தான டெஸ்பெராக்சமின் போடுகிற பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து ராத்திரியாவது 8 முதல் 12 மணி நேரம் தோலுக்கடியில் ஊசி இருக்கும். அதன் பெயரிலும் கொடுக்கா?
பெரிய ஆபத்து வேறு. வீட்டில் இதை 'இரும்பு மருந்து' என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற 'இரும்பு மாத்திரை' இரும்பைச் சேர்க்க. இது எடுக்க. மாற்றிக் கொடுத்தால் எரிகிற தீயில் எண்ணெய்தான். ஆகவே எடுக்கிற வினை பெயருக்குள்ளேயே இருக்கணும். ரத்தம் 'ஏத்துறோம்', அப்போ 'இரும்பு இறக்கும் மருந்து' என்று வைக்கலாமே.

திருவட்டாறு, செவிலியர்:
சார், 'இறக்கும்' என்ற எழுத்தை நோயாளிப் பிள்ளையின் அம்மா கையில் கொடுக்கச் சொல்றீங்களா?

மார்த்தாண்டம், மருந்தாளுநர்:
சிஸ்டர் சொல்றது சரி. வாபஸ்.

குழித்துறை, வேதியியல் பேராசிரியர்:
'இரும்பு கவ்வி'. ஈனி, அதாவது உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு, உலோகத்தைக் கவ்வுவதுதானே இங்கே நடக்கிறது? வெறும் 'நீக்கி' என்றால் அந்த வேதியியல் போய்விடும்.

தக்கலை, தமிழாசிரியர்:
இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது, சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அச்சகத்தில் ஒரு 'க்' போட்டு 'இரும்புக் கவ்வி' ஆக்கிவிடுவார்கள். அது இரும்பாலான இடுக்கி, கொல்லன் பட்டறைச் சாமான்.

திருவட்டாறு, செவிலியர்:
'இரும்பகற்றி' போதுமே. ஒரே மூச்சில் சொல்லலாம். பெயரைவிட முக்கியமானது துண்டறிக்கையின் பின்பக்கம். இந்த வகையில் வாயால் சாப்பிடுகிற மருந்துகள் டெபெரிப்ரோனும் டெபெராசிராக்ஸும். டெபெரிப்ரோன் சாப்பிட்டால் மூத்திரம் சிவக்கும், பயப்பட வேண்டாம். அந்த மருந்து எடுக்கும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளணு எண்ணிக்கை பார்க்கணும். டெபெராசிராக்ஸ் என்றால் சிறுநீரகமும் ஈரலும் சோதிக்கணும். இதையெல்லாம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:
நான்கு பேர் 'இரும்பகற்றி' என்கிறார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள். அப்படியே போடுகிறேன். முதல் வரியில் "இது சத்து மாத்திரை அல்ல" என்றும் சேர்த்துவிட்டேன்.

குழித்துறை, வேதியியல் பேராசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். காந்தமும்தான் இரும்பை அகற்றும்.

தக்கலை, தமிழாசிரியர்:
குற்றியலுகரப் புணர்ச்சி சரி. ஆனாலும் வாசகர் நலன் கருதி 'இரும்பு அகற்றி' என்று பிரித்து அடிக்கலாம்; நன்னூல் கோபிக்காது.

குளச்சல்காரர்:
பிரிக்கப்படாது.