வெள்ளம் கரையைத் தாண்டி வரவில்லை

எங்கள் வீட்டுக்கும் ஆற்றுக்கும் கூப்பிடு தூரம்தான். அந்த வருடம் பருவமழை நான்கு நாள் விடாமல் கொட்டியது. ஊரே கரைமேல் நின்று நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரை நிரம்ப இன்னும் ஒரு முழம் பாக்கி என்பதில் கொஞ்சம் தைரியம். அப்போதுதான் மாட்டை அவிழ்க்கப் போன பையன் ஓடி வந்தான். கரைக்கு இந்தப் பக்கம், வயலில் தண்ணீர் கொப்பளிக்கிறதாம்.

போய்ப் பார்த்தால் உலை கொதிப்பதுபோல் மணலைத் தள்ளிக்கொண்டு ஓர் ஊற்று. நான் அவசரப்பட்டு மண்மூட்டையைத் தூக்கி அதன் வாயிலேயே போட்டேன். ஒரு பெரியவர் திட்டித் தீர்த்துவிட்டார். "வாயை அடைச்சா பக்கத்துல கிளம்பும்டா, சுத்திக் கட்டு!"

கிணற்று உறை மாதிரி சுற்றிலும் மூட்டை அடுக்கினோம். உள்ளே தண்ணீர் ஏற ஏற, அந்த எடையே ஊற்றின் வேகத்தை அமுக்கியது. ஊற்று நிற்க வேண்டும் என்பதில்லை, தெளிந்து வந்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்கு அடியில் மண் அரிபடுகிறது என்று அர்த்தம். விடிகாலை மூன்று மணிக்குத்தான் தெளிந்தது.

கரை நிரம்பினால்தான் ஆபத்து என்று இருந்துவிடக் கூடாது. 2008 ஆகஸ்டில் கோசி ஆறு நேபாளத்தில் குசஹா அருகே கரையை உடைத்தபோது, கரை தாங்க வேண்டிய அளவைவிட மிகக் குறைந்த தண்ணீர்தான் ஓடியது. உடைத்த ஆறு கிழக்கே தன் பழைய தடங்களில் இறங்கி பீகாருக்குள் பாய்ந்தது.

*

இது வேறோர் ஊர்க்காரர் சொன்னது: எங்களுக்கு ஊற்றும் இல்லை, உடைப்பும் இல்லை. மழைநீரே எமனாகிவிட்டது. ஆறு நிரம்பி ஓடும்போது வடிகால் மதகைத் திறந்தால் ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் ஏறும், அதனால் மூடியே வைத்தார்கள். வயலில் விழுந்த மழை போக வழியில்லாமல் பதினோரு நாள் நின்றது. நாற்று அழுகிய நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

தப்பு எங்களுடையதும்தான். ஆற்றைவிட்டுத் தள்ளியிருந்தால் பாதுகாப்பு என்று நினைத்து மனை வாங்கினோம். நிலம் அதற்கு நேர்மாறு. கரை புரளும் வெள்ளம் கனமான மணலை ஓரத்திலேயே போட்டுவிடும். மெல்லிய களிமண்தான் தூரம் போகும். அதனால் ஆற்றோரம் மேடு, உள்ளே போகப் போகப் பள்ளம். பழைய வீடுகள் எல்லாம் ஏன் ஆற்றை ஒட்டியே இருக்கின்றன என்று ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

சரி, இப்போது தரையை மூன்று அடி தூக்கிக் கட்டியாயிற்று. மழை தொடங்கியதும் மதகை எப்போது மூடுவார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்கிறேன்.