வேடந்தாங்கல் பார்வையாளர் கேள்வித்தாள்: எல்லாரும் 5-ஐயே குறிக்கிறார்கள்

கழனிக்குருவி:
வேடந்தாங்கலுக்கு வருபவர்களின் இடப்பற்றை, அதாவது ஓர் இடத்தின்மேல் ஒருவருக்கு உள்ள பிணைப்பை, அளப்பது என் முதுகலை ஆய்வு. வில்லியம்ஸ், வாஸ்கி இருவரின் 2003 அளவுகோலைத் தமிழாக்கிக்கொண்டேன். இட அடையாளத்துக்கு (இந்த இடம் என்னில் ஒரு பகுதி என்ற உணர்வு) 6 கூற்று, இடச் சார்புக்கு (எனக்கு வேண்டியதை வேறெந்த இடமும் இவ்வளவு தராது என்ற எண்ணம்) 6, ஒவ்வொன்றுக்கும் 1 (ஒப்பவே இல்லை) முதல் 5 (முழுக்க ஒப்புகிறேன்) வரை மதிப்பெண். காவல் கோபுரத்தடியில் கொடுத்துப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை 5தான். முதல் தடவை வந்தவர்கள்கூட அப்படியே குறிக்கிறார்கள். தாளை எப்படித் திருத்துவது? எங்கே நின்று கேட்பது, எத்தனை பேர் போதும்? பருவம் மார்ச்சோடு முடிந்துவிடும்.

நீர்க்கடம்பு:
அனுமதி வாங்கிவிட்டீர்களா? சரணாலயத்துக்குள் ஆய்வு என்றால் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 28-இன்கீழ் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மனிதர்களிடம்தானே கேட்கிறோம் என்று விட்டுவிடாதீர்கள். கேள்வித்தாளையும் கூடவே இணைத்துக் கொடுங்கள்.

இனி 5-க்கு வருவோம். கையில் தாளோடு நிற்கும் மாணவியிடம் "இந்த ஊர் எனக்கு ஒன்றும் பெரிதில்லை" என்று யார் சொல்வார்? "ஒப்புக்கொள்கிறீர்களா" என்ற வடிவமே ஆமாம் போட வைக்கும். எதையாவது விட்டுக்கொடுத்துப் பதில் சொல்லும்படி கேளுங்கள்:

"இதே கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் பக்கத்துச் சரணாலயமான கரிக்கிலியில் இன்னும் பக்கத்தில் தெரியும் என்றால், அடுத்த முறை எங்கே போவீர்கள்?"
"ஏரி வற்றிப் பறவை வராத வருஷம் இங்கே வருவீர்களா?"

முதல் கேள்வி இடச் சார்பின் மையத்தையே தொடுகிறது: இந்த இடத்துக்கு மாற்று உண்டா, இல்லையா. இரண்டாவது, பற்று பறவை மேலா ஏரி மேலா என்று பிரித்துக் காட்டும். வேடந்தாங்கலில் இந்தப் பிரிப்பு இல்லாமல் எந்த எண்ணும் எனக்கு நம்பிக்கை தராது. மழை பொய்த்தால் பறவை வேறு ஏரி பார்த்துப் போய்விடும், ஏரி இங்கேயேதான் கிடக்கும்.

பழைய கூற்றுகளை அடியோடு எடுக்க வேண்டாம். அடையாளம், சார்பு என்ற ஒவ்வொரு பரிமாணத்துக்கும் 4 கூற்று இருந்தாலே போதும் என்று அந்த 2003 கட்டுரையே காட்டியிருக்கிறது. 12-ஐ 8 ஆக்கி, மிச்ச இடத்தில் இந்த இரண்டையும் போடுங்கள். "இது எத்தனையாவது வருகை?" என்பது தாளின் தலையிலேயே வரட்டும். முதல் தடவை வந்தவருக்கு ஒப்பிட வேறு அனுபவம் இருக்காது. அவருக்காகச் சார்புக் கூற்றுகளில் "சொல்லத் தெரியவில்லை" என்று ஒரு கட்டம் வையுங்கள். கணக்குப் போடும்போது அதை 3 ஆக மாற்றிவிடாதீர்கள், அது விடுபட்ட பதில்.

எடைக்கல்:
கோபுரத்தடியை விடுங்கள். கரையில் நெடுநேரம் நிற்பவர்தான் அங்கே அதிகம் மாட்டுவார், பத்து நிமிஷத்தில் திரும்புகிறவர் தப்பிவிடுவார். வாசலருகே நின்று, வெளியே போகிறவர்களைக் கேளுங்கள். ஐந்தாவது குழு, பத்தாவது குழு என்று ஒரு இடைவெளியை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு அதையே பிடியுங்கள். சிரித்த முகமாகப் பார்த்து நிறுத்தக் கூடாது. குடும்பமாக வந்தால் அப்பாதான் பேனாவை வாங்குவார். அதற்குப் பதில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவரிடம் தாளைக் கொடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். வாசலில் நின்று நீங்கள் எடுப்பது வருகைகளின் மாதிரி, ஆட்களின் மாதிரி அல்ல. பருவத்தில் 5 தடவை வருபவர் உங்கள் கையில் சிக்கும் வாய்ப்பு, ஒரே தடவை வருபவரைப்போல ஏறத்தாழ 5 மடங்கு. அடிக்கடி வருபவருக்குப் பற்றும் கூடுதலாகவே இருக்கும். இரண்டும் சேர்ந்து சராசரியை மேலே தள்ளிவிடும். அதனால் "இந்தப் பருவத்தில் எத்தனை தடவை?" என்று தனியாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் 1-ஐ அந்த எண்ணால் வகுத்த எடை கொடுங்கள். 5 தடவை வந்தவருக்கு 0.2. எடை போட்ட சராசரி, போடாத சராசரி இரண்டையும் அறிக்கையில் காட்டுங்கள்.

எண்ணிக்கை: 95% நம்பக அளவில் ±5% பிழைக்கு 385 பேர் என்பது எளிய தற்செயல் மாதிரிக்கான (எல்லாரையும் சம வாய்ப்போடு குலுக்கி எடுப்பதற்கான) கணக்கு. ஒரே நாளில் வருபவர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால் அதற்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், வாரநாள், வாரஇறுதி, காலை, மாலை என்று பிரித்து எடுங்கள். காணும் பொங்கல் கூட்டத்தைத் தனித் தொகுப்பாக வையுங்கள், மற்றதோடு கலந்தால் எல்லாம் கெடும். மறுத்தவர்களையும் எண்ணி வையுங்கள்.

கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.7-ஐத் தாண்டியதும் மகிழ்ந்துவிட வேண்டாம். ஒருவர் எல்லாவற்றுக்கும் 5, இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 4 என்று குறித்தாலும் ஆல்ஃபா ஏறும். எதிர்மறைக் கூற்று ஒன்றைச் சேர்த்து, கவனமில்லாத தாளைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள், கூட்டுத்தொகையில் சேர்க்க வேண்டாம்.

அரிவாள்மூக்கன்:
தாளோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். "இன்று போனில் எடுத்ததில் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைப்பீர்கள்? ஏன்?" படத்தை வாங்க வேண்டாம். பறவை, ஏரி, கூட வந்தவர்கள், மற்றவை என்று வகையை மட்டும் குறித்து, அவர் சொன்ன காரணத்தை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். நிறையப் பேர் குடும்பப் படத்தைக் காட்டினால் உங்கள் அளவுகோலில் ஓர் ஓட்டை இருக்கிறது. கைல், கிரேஃப், மேனிங் மூவரும் 2005-இல் சமூகப் பிணைப்பையும் (அந்த இடத்தில் மனிதர்களோடு வளரும் உறவு) மூன்றாவது பரிமாணமாக எடுத்துக்கொண்டது அதை அடைக்கத்தான்.

கழனிக்குருவி:
எல்லாருக்கும் நன்றி. 385 சேராவிட்டால் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா?

நீர்க்கடம்பு:
கூடாது. வருகிறவருக்கு ஏரி ஒரு பொழுதுபோக்கு, ஊராருக்குப் பாசனம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் போகிறது. இங்கே பறவைகளைச் சுட்டதை எதிர்த்து முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள் இந்த ஊரார். இப்படிப்பட்ட பற்றைப் பார்வையாளருக்கான கூற்றுகளால் அளக்க முடியாது, 385-ஐ எட்டுவதற்காக அவர்களைச் சேர்ப்பது அதைவிட மோசம். 300 பேர்தான் கிடைத்தால் 300 என்றே எழுதுங்கள், பிழை ஏறத்தாழ ±5.7% ஆகும், அவ்வளவுதான்.

ஊராரிடம் பேச வேண்டுமானால் தனி அத்தியாயமாக வையுங்கள். தாள் வேண்டாம், உட்கார்ந்து பேசுங்கள். மடைத் தண்ணீர் யாருக்கு எப்போது போகும் என்பதில் தொடங்கினால் மற்றது தானாக வரும். சம்பா அறுவடை நடக்கும் வாரத்தில் மட்டும் போகாதீர்கள், பேச யாருக்கும் நேரம் இருக்காது.