புதுப்பிப்பு: லுவாவில் பூ விலைப் பட்டியல், விட்டுப்போன பூ வந்துவிட்டது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்கும் மாமா கடைக்கு லுவா (Lua) நிரல்மொழியில் விலைப் பட்டியல் எழுதினால் முதல் வரியில் நில் (nil, அதாவது மதிப்பு எதுவும் இல்லை) என்று வருகிறது, கடைசிப் பூ வரவே இல்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வேலை செய்தது ஐபேர்ஸ் (ipairs, பட்டியலை வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது) யோசனை. லுவாவில் பட்டியல் 1-இல் தொடங்குகிறது, அதனால் 0 முதல் சுற்றிய லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) 1 முதல் மாற்றினாலே போதும் என்று ஒருவர் சொன்னதும் சரிதான், ஆனால் ஐபேர்ஸ் போட்டால் எண்ணைப் பற்றிய கவலையே இல்லை. 'சமமில்லை' என்பதற்கு != எடுக்காது, ~= தான்.

எதிர்பாராதது ஒன்று. கனகாம்பரம் வராத நாளில் விலைக்கு நில் கொடுத்தால் ஐபேர்ஸ் அங்கேயே நின்றுவிடுகிறது, அதற்குப் பின்னால் இருந்த பிச்சியும் அரளியும் மாயம். சரி, 0 போடலாம் என்றால் லுவாவுக்கு 0-வும் உண்மைதான், நில், ஃபால்ஸ் (false) இரண்டு மட்டுமே பொய். விலை இருக்கிறதா என்ற சோதனையைத் தாண்டி கிலோ 0 ரூபாய் என்று அச்சாகிறது (மாமா கண்ணில் படவில்லை, தப்பித்தேன்). இப்போது ஃபால்ஸ் போடுகிறேன், ஐபேர்ஸ் அதைக் கடந்து போய்விடுகிறது.

அப்புறம், தமிழ்ப் பெயர்கள் வைப்பவர்களுக்கு: நீளம் கேட்கும் # குறியைப் போட்டால் #"மல்லி" 15 என்று சொல்லும், அது எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை (கணினியின் சேமிப்பு அலகு). லுவா 5.3-இல் வந்த யுடிஎஃப்8 (utf8) நூலகத்தில் நீளம் சொல்லும் லென் (len), புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணி 5 என்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ 3 எழுத்து. இடைவெளி கணக்கோடு மல்லுக்கட்டாமல் விலையை முன்னால், பெயரைப் பின்னால் அச்சிட்டுவிட்டேன், வரிசை நேராக வருகிறது.