சுண்டெலிக்குத் தாமத ஆஸ்துமா வருமா, வராதா?

எலிப்பொறி:
“சுண்டெலிக்குத் தாமத எதிர்வினையே (ஒவ்வாப்பொருள் பட்டு மணிக்கணக்கு கழிச்சு வர்ற மூச்சுக்குழாய்ச் சுருக்கம்) கிடையாது”ன்னு நேத்து ஒருத்தர் தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்கார். பால்ப்-சிங்கற ஆய்வக இனச் சுண்டெலி எடுங்க. 0, 14-ஆம் நாள் வயித்துக்குள்ள 20 மைக்ரோகிராம் ஓவால்புமின் (முட்டை வெள்ளைக்கருப் புரதம்), கூடவே எதிர்ப்பைத் தூண்ட 2 மில்லிகிராம் ஆலம் (அலுமினிய உப்பு). 28-ஆம் நாள்லேர்ந்து மூணு நாள் அதே புரதத்தோட 1% கரைசலைப் புகையா விடுங்க, தினம் 20 நிமிஷம். 48 மணி நேரம் கழிச்சு நுரையீரலைக் கழுவிப் பாருங்க, ஈசினோஃபில் (ஒவ்வாமையில கூடுற வெள்ளை அணு) கொட்டும். இதுக்கு மேல என்ன வேணும்?

மூச்சுக்குழல்:
தீர்ப்பு என்னுதுதான். நீங்க எண்ணினது செல்; நான் கேட்டது மூச்சு. ஒவ்வாப்பொருள் போன சில நிமிஷத்துல குழாய் சுருங்கி, தானா விடும். மனுஷனுக்கு 3-லேர்ந்து 8 மணி நேரத்துக்குள்ள மறுபடி சுருங்கும். அந்த ரெண்டாவது சுருக்கம் எங்க?

எலிப்பொறி:
விழிச்சிருக்கிற சுண்டெலியை மூச்சு அளக்குற முழுவுடல் பெட்டியில விட்டு பென்-ஹெச்ங்கற எண்ணை எடுங்க. ஏறும்.

மூச்சுக்குழல்:
வந்துட்டார்யா பென்-ஹெச்சோட! பெட்டிக்குள்ள அழுத்த அலை எப்படி வளையுதுன்னு பார்த்துப் போட்ட, அலகே இல்லாத எண் அது. எலி மூச்சுவிடுற தினுசு மாறினா ஏறும். ஈரப்பதம் மாறினா ஏறும். மூக்கடைச்சாலும் ஏறும். பென்-ஹெச் காற்றுவழித் தடை அல்ல.

கினிக்காரன்:
இருவரும் எலியை விடுங்கள். கினிப்பன்றியை இரட்டை அறைப் பெட்டியில் வையுங்கள்: மூக்கு ஓர் அறையில், உடம்பு இன்னோர் அறையில். இரண்டு காற்றோட்டத்துக்கும் இடையிலான நேர வித்தியாசத்திலிருந்து தடையைக் கணக்கிடலாம். முன்கூட்டியே மெபிரமின் (ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து) ஊசி போடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வாமையில் உடல் விடும் ஹிஸ்டமின் தரும் சுருக்கத்திலேயே செத்துவிடும். 17-ஆவது மணி நேரத்தில் தாமதச் சுருக்கம் தெரியும்.

மூச்சுக்குழல்:
17 மணி நேரமா? அது தாமதம் இல்ல சாமி, மறுநாள். அதோட மனுஷன் மாதிரி இல்லாம, அங்க ஐ.ஜி.ஈ-ங்கற ஒவ்வாமை எதிர்ப்பொருளை விட ஐ.ஜி.ஜி-1-ங்கற இன்னொரு எதிர்ப்பொருள் கைதான் ஓங்கியிருக்கு.

எலிப்பொறி:
கினிப்பன்றியாம்! சீமைப்பெருச்சாளின்னு தமிழ்ப் பேர் இருக்குல்ல?

கினிக்காரன்:
அது பெருச்சாளியும் இல்லை, சீமையிலிருந்து வந்ததும் இல்லை. ஆண்டிஸ் மலைப் பிராணி.

எலிப்பொறி:
பேரை விடுங்க. மூச்சுக்குழலாரே, தடையை நேரா அளக்க மயக்க மருந்து வேணுமே? பிரவுன் நார்வே எலிக்கு (சுண்டெலி இல்ல, பெரிய எலியில ஓர் ஆய்வக இனம்) மயக்கம் குடுத்தா தாமதச் சுருக்கமே காணாமப் போகுதுன்னு 2012-ல தோராக்ஸ் இதழ்ல வந்துச்சு. உணர்வு நரம்பு வழியா வர்ற சுருக்கமாம், மூச்சுக்குழாயை விரிக்கிற டையோட்ரோப்பியம் மருந்துக்கும் அடங்குது. அளந்தது என்னவாம்? பென்-ஹெச்!

மூச்சுக்குழல்:
அதே பிரவுன் நார்வே எலியை மயக்கத்துல போட்டு, மணிக்கணக்கா தடையை அளந்து, தாமதச் சுருக்கத்தை கனடாவோட மக்கில் பல்கலைக்கழகத்துக்காரங்க 1988-லயே காட்டிட்டாங்க. அதைப் படிச்சீங்களா? பென்-ஹெச் தடை அல்ல.

கினிக்காரன்:
அப்படியானால் மயக்கம் கொடுத்தும் தாமதச் சுருக்கம் வருகிறது என்று ஆகிறது. 2012 ஆய்வு தவறா?

மூச்சுக்குழல்:
தப்புன்னு நான் சொல்லல. எந்த மருந்து, எவ்வளவு ஆழம்னு பாருங்க. எனக்கு வேணும்னா செம்மறி ஆடு போதும். அஸ்காரிஸ் குடற்புழுச் சாறை மூச்சுல விடு, அழுத்தம் அளக்க உணவுக்குழாய்ல பலூன் வை, ஆடு முழிச்சே நிக்கும், 6-8 மணி நேரத்துல நிஜமான தடை ஏறும். ரெண்டு கட்டமும் காட்டுற ஆட்டை முன்கூட்டிச் சலிச்சு எடுக்கணும், அவ்வளவுதான்.

எலிப்பொறி:
ஆட்டுக்குத் தீவனம் யார் போடுவாங்க, நீங்களா? சுண்டெலியில ஸ்டீராய்டு குடுத்தா ஈசினோஃபில் இறங்குதே, அது போதாதா?

மூச்சுக்குழல்:
மறுபடியும் செல்லா! நீங்க வாங்குற ஓவால்புமின்ல எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) எவ்வளவுன்னு முதல்ல பாருங்க, நியூட்ரோஃபில் (தொற்றுல கூடுற வெள்ளை அணு) ஏன் கூடுதுன்னு புரியும்.

எலிப்பொறி:
நியூட்ரோஃபில்னு நான் எங்க சொன்னேன்?

மூச்சுக்குழல்:
பென்-ஹெச்னு சொன்னீங்கள்ல.

கினிக்காரன்:
சீமைப்பெருச்சாளி என்று எழுதியவர் இன்னும் திருத்தவில்லை.