குவில் எரிமலையின் வாய்க்குள் கண்ட பாம்பு

கரீபியன் கடலில் நெதர்லாந்தின் ஆட்சிக்குட்பட்ட சின்ட் யூஸ்டேஷியஸ் தீவில், 601 மீட்டர் உயரமுள்ள குவில் எரிமலை 1,500 ஆண்டுகளுக்கும் மேலாக வெடிக்காமல் கிடக்கிறது. அதன் வாய் முழுவதும் இன்று அடர்ந்த காடு. ஒராஞ்சஸ்டாட் ஊரிலிருந்து ஏறும்போது முதலில் வறண்ட முட்புதர்களே வருகின்றன. விளிம்பைக் கடந்து, கட்டியிருக்கும் கயிறுகளைப் பற்றியபடி பாறைகளின் வழியே உள்ளே இறங்கினால், காற்று ஈரமாகி வெளிச்சமும் மங்கிவிடுகிறது. சுற்றுச்சுவர் கடற்காற்றைத் தடுத்து ஈரத்தைக் காத்துக்கொள்வதால், இலவ மரங்களும் அத்தி மரங்களும் ஒளியைத் தேடி நெடுநெடுவென வளர்ந்திருக்கின்றன. (நம் மெத்தைகளில் அடைக்கும் இலவம்பஞ்சைத் தரும் அதே மரம்தான், அதன் தாயகமே அமெரிக்க வெப்பமண்டலம்.)

அங்கே ஓர் இலவ மரத்தின் பலகை வேர்களுக்கிடையே, சருகுகளை விலக்கிக்கொண்டு அந்தப் பாம்பு வந்தது. நான் அசையாமல் நின்றேன். தலையைச் சற்றே தூக்கி என்னைப் பார்த்தபோது அதன் செந்நிற அடிவயிறு தெரிந்தது. பிறகு, ஓணான் போன்ற ஒரு சிறு பல்லியைத் துரத்திக்கொண்டு வேருக்கடியில் நுழைந்துவிட்டது. மனிதருக்கு எத்தீங்கும் செய்யாத இந்த இனம், அருகிலுள்ள செயின்ட் கிட்ஸ், நெவிஸ் தீவுகளிலும் ஒரு காலத்தில் வாழ்ந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்துவிட்ட கீரிகளால் அங்கே அது அற்றுப்போனது. இப்போது உலகிலேயே இத்தீவிலும் பக்கத்துச் சாபாவிலும் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது. அங்கே செல்லும் நம்மவர்கள் பாம்பு என்றவுடன் கம்பைத் தேடாமல், அது கடந்து போகும்வரை பொறுத்திருக்க வேண்டுமென்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றோர் உறுப்பினரின் பகிர்வு:

நீங்கள் குறிப்பிட்ட அதே இறக்கத்தில் எனக்குப் பாம்பு தென்படவில்லை, ஐயா. ஆனால் பாறைகளின் மேல் கடகடவென்று ஓசை கேட்டுத் திரும்பியபோது, கடற்சங்குகளைச் சுமந்துகொண்டு துறவி நண்டுகள் ஏறி வந்தன. கடலோ மலைக்கு வெளியே வெகு கீழே இருக்கிறது. நிலத்தில் வாழ்ந்தாலும் குஞ்சுகளைக் கடல்நீரில்தான் விட வேண்டும் என்பதால், இவை இனப்பெருக்கக் காலத்தில் கரைக்கு இறங்கிச் செல்கின்றன. உடல் வளர வளரப் பெரிய சங்கும் தேவைப்படுகிறது. அதற்காக இவை கரையில் ஒதுங்கும் வெற்றுச் சங்குகளையே நம்பியிருக்கின்றன என்று அறிந்தபின், நினைவுப் பொருளாக எடுத்து வைத்திருந்த சங்குகளை மறுநாள் காலையிலேயே கடற்கரையில் திரும்ப வைத்துவிட்டேன்.