பூங்காச் சிரமதானம்: எதிலிருந்து தொடங்குவது?

கொட்டாஞ்சேனைவாசி:
வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் முடிவிலுள்ள சிறிய பொதுப் பூங்கா பற்றைக்காடாகிவிட்டது. ஊஞ்சல்கள் துருப்பிடித்துள்ளன, மழை பெய்தால் நடுவில் நாட்கணக்கில் தண்ணீர் நிற்கின்றது, பின்மதிலோரம் குப்பை குவிகின்றது. வரும் போயா (பௌர்ணமி) விடுமுறையில் அயலவர்களைத் திரட்டிச் சிரமதானம், அதாவது கூலியின்றிக் கூடிச் செய்யும் பொதுவேலை, செய்து, அன்றே மரக்கன்றுகளும் நாட்ட எண்ணியுள்ளோம். கோவில் இளைஞர்களும் தேவாலய இளைஞர்களும் வரச் சம்மதித்துள்ளனர். ஆட்பலம் உண்டு, அனுபவம் இல்லை.

கால்வாயோரம்:
சேரும் குப்பையை யார், எந்த நேரத்தில் ஏற்றிச் செல்வார் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். மாநகர சபையிடம் எழுத்துமூல அனுமதி பெறும்போதே, விடுமுறை நாளில் வாகனம் வருமா என்றும் கேளுங்கள். வராதெனில் திகதியை மாற்றுவதே நல்லது. வாசலில் அடுக்கி வைத்த பைகளை நாய்களும் காகங்களும் விடிவதற்குள் கிழித்துவிடும். உக்கும் குப்பையையும் உக்காததையும் பொறுக்கும்போதே பிரித்துவிடுங்கள். பிறகு பிரிக்க ஒருவரும் நிற்கமாட்டார்கள். மரங்களில் கை வைக்கவேண்டாம். பலாவையும் ஈரப்பலாவையும் வெட்டச் சட்டப்படி அனுமதி வேண்டும். மதில் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால், அதைப் பிடுங்குவதா என்ற முடிவையும் சபையிடமே விடுங்கள். பௌத்தர்கள் புனிதமாகப் போற்றும் மரம் என்பதால், நம் ஊரில் அது வெறும் களையன்று.

ஓய்வுபெற்ற பரிசோதகர்:
நடுவில் நிற்கும் நீரைவிடப் பற்றைக்குள் கிடக்கும் யோகட் கோப்பைகளும் சிரட்டைகளும் பழைய டயர்களுமே எனக்குக் கவலை தருகின்றன. டெங்கு நுளம்பு பெரும்பாலும் இத்தகைய சிறு கலங்களிலேயே முட்டையிடும். நீர் வற்றிய பின்னரும் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிர்த்திருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் போதாது. கலங்களை அகற்றவேண்டும், வைத்திருக்க வேண்டியவற்றை உரஞ்சிக் கழுவவேண்டும். அடுத்தது எலிக்காய்ச்சல். எலிகளின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலிருந்து கிருமி தோலிலுள்ள காயங்கள் வழியாக உடலுக்குள் புகும். எனவே சப்பாத்தும் தடித்த கையுறையும் இல்லாதவரைப் பின்மதில் பக்கம் அனுப்பாதீர்கள். தடுப்பு மாத்திரை தேவையா எனச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேளுங்கள். பின்னர் எவருக்காவது காய்ச்சல் வந்தால், சேற்றில் வேலை செய்ததை வைத்தியரிடம் மறவாமல் சொல்லவேண்டும்.

மண்வெட்டி:
அன்றே கன்று நாட்டுவதை நான் ஏற்கவில்லை. பலர் நடந்து இறுகிய மண்ணில் சிறுகுழி தோண்டி வைக்கும் கன்று, மழைக்காலத்தில் வேரழுகியும் வெயில் காலத்தில் வாடியும் போகும். தண்ணீர் எந்தக் கானுக்கு (வடிகாலுக்கு) போகவேண்டும், அந்தக் கான் எங்கே அடைபட்டுள்ளது என்று பார்த்துத் திறந்த பிறகு, அலவாங்கால் மண்ணை அகலமாக இளக்கி, உக்கிய இலைகளைக் கலந்து ஆறவிடுங்கள். மே மாதத் தென்மேற்குப் பருவமழையோடு நாட்டினால் கன்று வேர்பிடிக்கப் போதிய காலம் கிடைக்கும். ஒக்டோபரில் நாட்டினால் ஜனவரி, பெப்ரவரியில் யாராவது தண்ணீர் ஊற்றவேண்டும். ஈரமான பக்கத்துக்கு மருது பொருந்தும், ஆனால் மிகப் பெரிதாகும் என்பதால் மதிலிலிருந்து தள்ளி நாட்டுங்கள். நிழலுக்குப் புங்கு போதும். நாவலும் நல்லதே, பழம் விழும் இடத்தில் இருக்கை போடாவிட்டால்.

கால்வாயோரம்:
மண்வெட்டி சொல்வது சரி. ஆயினும் தன் கையால் ஒன்றை நாட்டியவரே மறுமாதமும் வருவார். ஒரு மூலையில் மட்டும் மண்ணைத் திருத்தி, அன்று இரண்டு கன்றுகளாவது வைக்கலாமே.

கொட்டாஞ்சேனைவாசி:
அனைவருக்கும் நன்றி. வாகனம் வரும் ஒரு சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறோம். முதலில் குப்பையும் கானும் மட்டுமே. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பொறுப்பேற்பவர்களின் பெயர்ப்பட்டியல் கிடைத்த பிறகுதான் கன்று வாங்குவோம்.